யாருடைய புழு? எலிகளும் இரத்தத் தட்டைப்புழுவும்

ஓர் ஒட்டுண்ணி எலியின் உடலில் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வதில் பெரிய சிரமமில்லை. எலியைப் பிடித்து, வயிற்றைப் பிளந்து, குடலை ஒட்டிய சிரைகளை உருப்பெருக்கியில் பார்த்தால் தெரிந்துவிடும். ஊரில் மனிதர்கள் எல்லாரும் குணமாகிவிட்ட பிறகும் அந்த எலிகளை மட்டும் நம்பி அந்த ஒட்டுண்ணி பிழைத்துக்கொள்ளுமா என்று சொல்வதுதான் கஷ்டம். சிஸ்டோசோமா என்னும் இரத்தத் தட்டைப்புழுவைப் பற்றி எழுதியவர்களில் பலர் முதல் கேள்விக்கு விடை கண்டதும் இரண்டாவதுக்கும் விடை கிடைத்துவிட்டதாக எடுத்துக்கொண்டார்கள். வேறு சிலர் இரண்டாவது கேள்வி கடினமாக இருப்பதாலேயே எலியைக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை என்று விட்டார்கள். இரண்டுமே தவறு என்பது என் கருத்து. விடை இடத்துக்கு இடம் மாறுகிறது. எந்த இடத்தில் எந்த விடை என்று சொல்ல இப்போது ஓரளவு நம்பகமான அளவுகோல்களும் இருக்கின்றன.

புழுவின் வாழ்க்கையை முதலில் சொல்லிவிட வேண்டும். பெரும்பாலான தட்டைப்புழுக்களில் ஆணுறுப்பும் பெண்ணுறுப்பும் ஒரே உடலில் இருக்கும். சிஸ்டோசோமாவில் ஆண் வேறு, பெண் வேறு. ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள ஆண், தன் உடலை நீளவாக்கில் மடித்து, அந்த மடிப்புக்குள் மெல்லிய பெண்ணை வைத்துக்கொண்டு, குடலிலிருந்து கல்லீரலுக்கு இரத்தம் போகும் சிரைகளில் ஆண்டுக்கணக்கில் வாழ்கிறது. சிஸ்டோசோமா மான்சோனி இனத்துப் பெண் ஒரு நாளில் சில நூறு முட்டைகள் இடும். ஜப்பானிகம் இனத்துப் பெண் அதைவிடப் பல மடங்கு இடும். முட்டைகளில் ஒரு பகுதி குடல் சுவரைத் துளைத்து மலத்தோடு வெளியேறுகிறது. எஞ்சியவை கல்லீரலிலும் குடல் சுவரிலும் சிக்கி, அவற்றைச் சுற்றிக் கட்டி எழும்பித் தழும்பாகிறது. வீங்கிய வயிறு, இரத்த வாந்தி என்று நோயாக நாம் காண்பதெல்லாம் இந்தச் சிக்கிக்கொண்ட முட்டைகள் செய்யும் வேலை.

வெளியேறிய முட்டை நன்னீரில் விழுந்தால் பொரிந்து மிராசிடியம் என்னும் நீந்தும் இளம்புழு வரும். அது தனக்கு ஏற்ற நத்தையைத் தேடிப் புகுந்து, உள்ளே பல வாரங்கள் பெருகி, ஆயிரக்கணக்கான செர்கேரியாக்களாக நீருக்குத் திரும்புகிறது. வால் நுனி இரண்டாகப் பிளந்த இந்தச் செர்கேரியாதான் தண்ணீரில் இறங்கும் பாலூட்டியின் தோலைத் துளைத்து உள்ளே போகிறது. அது எதையும் தின்பதில்லை. நத்தைக்குள் சேர்த்துவைத்த சர்க்கரைதான் அதன் முதல். ஓரிரு நாளில் செத்துவிடும், தோலைத் துளைக்கும் வலுவோ அதற்கும் முன்பே, சில மணி நேரங்களில் குறைய ஆரம்பித்துவிடும். இந்த அவசரத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் வாதத்தில் பாதி இதன் மேல்தான் நிற்கிறது.

1851-ல் கெய்ரோவில் தியோடர் பில்ஹார்ஸ் என்னும் ஜெர்மன் மருத்துவர் சிஸ்டோசோமா புழுவை முதன்முதலில் கண்டது மனிதப் பிணத்தின் சிரைகளில். 1904-ல் ஜப்பானின் யமனாஷி பகுதியில் கட்சுராடா ஃபுஜிரோ ஜப்பானிகம் இனத்தைக் கண்டது ஒரு பூனையின் உடலில். எகிப்திலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் கிளைத்த ஆராய்ச்சி மரபு இதை மனிதரின் நோயாகவே பார்த்துப் பழகியதற்கும், கிழக்காசிய மரபு ஆரம்பத்திலிருந்தே மாடு, நாய், எலி என்று எண்ணிக்கொண்டு வந்ததற்கும் இந்தத் தொடக்கங்களுக்கும் சம்பந்தம் உண்டு என்றுதான் நினைக்கிறேன்.

இது வெறும் விலங்கியல் சண்டை இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் தற்போதைய திட்டப்படி, இந்த நோய் உள்ள 78 நாடுகளிலும் 2030-க்குள் அது பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாமல் போக வேண்டும், 25 நாடுகளில் பரவலே நின்றுவிட வேண்டும். அதற்கான முக்கியக் கருவி பிராசிகுவாண்டெல் மாத்திரை. பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பிள்ளைகளின் உயரத்தை அளந்து, அதற்கேற்ற எண்ணிக்கையில் கொடுப்பார்கள். பிள்ளைகளின் உடலிலுள்ள புழுக்கள் செத்துப்போகும். சதுப்பில் ஓடும் எலியின் உடலில் அதே புழு தன் இனத்தைத் தானே காப்பாற்றிக்கொள்ள முடியுமானால், மாத்திரை நோயைக் குறைக்கும், பரவலை நிறுத்தாது.

எலி அப்படித் தனியாகப் புழுவைக் காப்பாற்ற வேண்டுமென்றால் சில காரியங்கள் வரிசையாக நடக்க வேண்டும். உள்ளே போன செர்கேரியா முழுப் புழுவாக வளர வேண்டும். ஆணும் பெண்ணும் சந்தித்து முட்டையிட வேண்டும். அந்த முட்டைகள் திசுவிலேயே புதையாமல் உயிரோடு எலிப்புழுக்கையில் வெளிவர வேண்டும். புழுக்கை சரியான நத்தை இருக்கும் நீரில் விழ வேண்டும். நத்தையிலிருந்து வரும் செர்கேரியா மீண்டும் எலியைச் சந்திக்க வேண்டும். கணித மொழியில், எலிகள் மட்டுமே இருக்கும் ஓரிடத்தில் ஒரு புழு தன் வாழ்நாளில் சராசரியாக ஒன்றுக்கு மேற்பட்ட வாரிசுப் புழுக்களை உருவாக்க வேண்டும். எலியின் சிரையில் ஒரு ஜோடிப் புழு கிடந்தது என்ற செய்தி இந்தச் சங்கிலியில் இரண்டு கண்ணிகளை மட்டும்தான் நிரூபிக்கிறது.

'எலி' என்று ஒரே பெயரில் சொல்லுவதும் குழப்பத்துக்கு ஒரு காரணம். ஆய்வகங்களில் வளர்க்கப்படும் பழுப்பு எலியின் உடலில் மான்சோனி புழு புகுந்தால் நான்கு வாரத்துக்குள் பெரும்பாலும் அழிந்துவிடும். ஜப்பானிகம் புழுவும் அதில் ஒழுங்காக வளர்வதில்லை. பழுப்பு எலியின் உடல் தாராளமாகச் சுரக்கும் நைட்ரிக் ஆக்சைடுதான் புழுவை முடக்குகிறது என்று 2017-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அதே மான்சோனி புழு சுண்டெலியிலும் கருப்பு எலியிலும் சௌகரியமாக வளர்ந்து முட்டையிடுகிறது. சீனாவின் தோங்திங் ஏரிக்கரை நாணல் காடுகளில் மைக்ரோட்டஸ் ஃபோர்ட்டிஸ் என்றொரு குட்டைவால் வயலெலி இருக்கிறது. 2007-ல் ஏரியில் வெள்ளம் ஏறியபோது கரைமேட்டுக்கு ஓடிவந்து வயல்களைத் தின்று தீர்த்துச் செய்தியில் அடிபட்டது இதுதான். ஜப்பானிகம் புழு நிறைந்த சேற்றிலேயே வாழ்க்கை முழுவதும் கிடந்தும் இதன் உடலில் அந்தப் புழு முதிர்வதில்லை. எத்தனை எலிகளைப் பிடித்தோம் என்று எண்ணுவதற்கு முன் எந்த எலி என்று கேட்க வேண்டியிருக்கிறது.

இந்தக் கேள்விக்கு உலகத்திலேயே மிகத் தெளிவான விடை கிடைத்த இடம் கரீபியன் கடலிலுள்ள பிரெஞ்சுத் தீவான குவாதலூப். அங்கே சந்தித்துக்கொண்ட மூன்று உயிர்களில் உள்ளூர்க்காரர் பயோம்ஃபலேரியா கிளாப்ராட்டா என்னும் தட்டைச் சுருள் நத்தை மட்டுமே. மான்சோனி புழு, அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்ட ஆப்பிரிக்கர்களின் உடலோடு அட்லாண்டிக்கைக் கடந்து வந்தது. கருப்பு எலி ஐரோப்பியர்களின் கப்பல்களில் வந்தது. அதன் பூர்வீகம் நம் துணைக்கண்டம் என்பது வேறு கதை. மூன்றும் ஒன்றுசேர்ந்து நானூறு ஆண்டுகள்கூட ஆகவில்லை.

1970-களிலிருந்து ஆந்த்ரே தெரோன், குளோத் கோம்ப் முதலிய பிரெஞ்சு ஆய்வாளர்கள் இத்தீவில் வேலை செய்தார்கள். ஊரை ஒட்டிய வாய்க்கால்களில் புழு மனிதருக்கும் நத்தைக்கும் இடையில் சுற்றிக்கொண்டிருந்தது. கடலோரத்தில், மாங்குரோவ் காட்டுக்குப் பின்னால், ஆள் நடமாட்டமே இல்லாத சதுப்புக் காடு ஒன்று இருக்கிறது. டெரோகார்ப்பஸ் அஃபிசினாலிஸ் மரங்கள் பலகை போன்ற வேர்களைப் பரப்பி நிற்கும் காடு அது. நம் வேங்கை மரத்தின் பேரினம்தான். அங்கே பிடிபட்ட கருப்பு எலிகளில் பெரும்பாலானவற்றின் உடலில் மான்சோனி புழு இருந்தது. மனித மலம் வந்து சேர வழியில்லாத காட்டில் இத்தனை எலிகள் நோயுற்றிருப்பதே ஒரு சாட்சியம். ஆனால் தெரோன் அதோடு நிற்கவில்லை.

அவர் செய்த சோதனைக்கு ஆடம்பரக் கருவி எதுவும் தேவைப்படவில்லை. புழு புகுந்த நத்தைகளைத் தனித்தனிக் கண்ணாடிக் கிண்ணங்களில் கொஞ்சம் தண்ணீரில் விடுவார்கள். ஒவ்வொரு மணி நேரமும் நத்தையை எடுத்துப் புதுத் தண்ணீருக்கு மாற்றி, பழைய தண்ணீரில் அயோடின் கரைசல் சில சொட்டு விட்டால் நீந்திக்கொண்டிருந்த செர்கேரியாக்கள் பழுப்பேறி அடியில் படியும். உருப்பெருக்கியின் கீழ் அவற்றை ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். இருபத்து நான்கு மணி நேரமும் தூக்கம் கெட்டு இதைச் செய்தால் ஒரு நத்தை எந்த மணியில் எத்தனை செர்கேரியாக்களை வெளிவிடுகிறது என்று ஒரு வரைபடம் கிடைக்கும். ஊர்ப்புறத்துப் புழுவின் வரைபடத்தில் முகடு முற்பகல் பதினோரு மணி வாக்கில் இருந்தது. சதுப்புக் காட்டுப் புழுவின் முகடு மாலை நான்கு மணிக்குப் போய்விட்டது.

மனிதர்கள் துணி துவைக்கவும் குளிக்கவும் மீன் பிடிக்கவும் தண்ணீரில் இறங்குவது பகலில். கருப்பு எலி பொழுது சாயும்போதுதான் வளையை விட்டு வெளியே வரும். சில மணி நேரமே வலுவோடிருக்கும் செர்கேரியா காலை பதினோரு மணிக்கு வெளிவந்தால் எலி வரும்போது களைத்துப்போயிருக்கும். நான்கு மணிக்கு வந்தால் எலியின் தோல் புத்தம் புதிதாகக் கிடைக்கும். எலிகளை மட்டும் நம்பிப் பல தலைமுறை வாழ்ந்தால்தான் ஒரு புழுவின் கடிகாரம் இப்படித் தள்ளிப்போக முடியும்.

இதற்குச் சட்டென்று தோன்றும் மறுப்பு ஒன்று உண்டு. செர்கேரியா வெளிவருவதை வெளிச்சம் தூண்டுகிறது. சதுப்புக் காடோ நிழல் அடர்ந்தது. வெளிச்சம் தாமதமாக விழுவதால் புழுவும் தாமதமாக வருகிறது என்று சொல்லிவிடலாமே? ஆய்வாளர்கள் இரண்டு புழுக்களையும் ஒரே ஆய்வகத்தில், ஒரே விளக்கு வெளிச்சத்தில் வளர்த்துப் பார்த்தார்கள். ஒவ்வொன்றும் தன் நேரத்தை விடவில்லை. இரண்டையும் கலந்து பெற்ற சந்ததி இரண்டுக்கும் இடைப்பட்ட நேரத்தில் வெளிவந்தது. ஆக நேரம் மரபணுவில் இருக்கிறது, நிழலில் இல்லை. இந்தத் துறையில் நான் படித்தவற்றில் இவ்வளவு சிக்கனமாக ஒரு பெரிய கேள்வியை முடித்துவைத்த ஆய்வு வேறில்லை.

அரபு நாடான ஓமனின் தெற்கில், டோஃபார் பகுதியின் ஊற்றுகளில், இதைவிட ஒரு படி மேலே போன புழு கிடைத்தது. அங்கே மான்சோனி செர்கேரியாக்களில் ஒரு வகை இரவில் வெளிவருகிறது, கருப்பு எலிகளின் உடலிலும் அதே புழு இருந்தது. 2012-ல் கபிரியேல் முவாஹித் குழுவினர் இதை வெளியிட்டபோது, குவாதலூப் கதை ஒரு தீவில் மட்டும் நடந்த விசித்திரம் என்று ஒதுக்க நினைத்தவர்களுக்கு அந்த வழியும் அடைபட்டது.

பிரேசிலின் நிலை வேறு. ரியோ டி ஜெனீரோ மாநிலத்தில் சுமிதோரோ என்னும் பகுதியில் நெக்டோமிஸ் ஸ்குவாமிபஸ் என்னும் நீரெலி மான்சோனி புழுவைத் தாங்கித் திரிகிறது. அடைப்பு ஒன்றில் இந்த எலியையும் நத்தையையும் மட்டும் விட்டுப் பார்த்தபோது சுழற்சி முழுமையாக நடந்தது. ஆனால் அங்கே எலியும் மனிதரும் ஒரே ஓடையைப் பகிர்ந்துகொள்கிறார்கள். யார் யாருக்குக் கொடுத்தார் என்று பிரிப்பது கடினம். எலியைத் துணைக் கணக்கில் வைப்பது நியாயம், முதல் கணக்கில் வைக்கச் சான்று போதாது.

சீனாவுக்கு வந்தால் ஒரே நாட்டுக்குள் இரண்டு விடைகள். யாங்சி ஆற்றின் பெரிய ஏரிகளைச் சுற்றியுள்ள சதுப்புநிலங்களில் ஜப்பானிகம் புழுவின் பெரிய கிடங்கு எருமையும் மாடும். போயாங் ஏரிக்கரைக் கிராமங்களில் 2005 முதல் எருமைகளை மேய்ச்சல் நிலத்திலிருந்து அகற்றி, உழவுக்குச் சிறு டிராக்டர் கொடுத்து, வீடுகளிலும் மீனவர் படகுகளிலும் கழிப்பறை ஏற்பாடு செய்தார்கள். மனிதர்களிடையே தொற்று 1 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. 2009-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் இந்த முடிவுகள் வந்த பிறகு இதுவே தேசியக் கொள்கையின் முதுகெலும்பானது.

அன்ஹுய் மாகாணத்தின் மலையடிவாரக் கிராமங்களில் மாடுகள் குறைவு, தொற்று மட்டும் போக மறுத்தது. லு தா-பிங், ஜோவான் வெப்ஸ்டர் முதலியோர் அங்கேயும் அதே மணிக்கணக்குச் சோதனையைச் செய்தார்கள். சதுப்புநிலத்து நத்தைகள் காலையில் செர்கேரியாக்களை வெளிவிட்டன, மாடு பகலில் மேயும் பிராணி. மலைப்பகுதி நத்தைகள் பிற்பகலிலும் மாலையிலும் வெளிவிட்டன. மரபணுக்களும் இரண்டு கூட்டங்களாகப் பிரிந்து நின்றன. 2013-ல் இதே வட்டாரத்தின் களத் தரவுகளைக் கணித மாதிரியில் இட்டுப் பார்த்தபோது, சதுப்பில் மாடுகளும் மலையில் எலிகளும் தாங்களாகவே தொற்றைத் தாங்கி நிற்கக்கூடியவை என்று வந்தது.

இதைக் குவாதலூப்புக்கு இணையான சான்றாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். பழுப்பு எலியில் ஜப்பானிகம் சரியாக முதிர்வதில்லை என்று மேலே சொன்னோம். மலைக்கிராமத்தில் பிடிபடும் எலிகளிலோ பழுப்பு எலியும் உண்டு, கோட்டுமுதுகு வயலெலி போன்ற வேறு இனங்களும் உண்டு. நாய்களும் இரவில் திரிபவைதான், அவையும் புழுவைச் சுமக்கின்றன. என்றாலும் நேரமும் மரபணுவும் கணிதமும் தனித்தனி வழியில் போய் ஒரே இடத்தில் வந்து சேர்வதை எளிதில் தள்ளிவிட முடியாது. எருமையை அகற்றும் திட்டத்தை அப்படியே மலைக்குக் கொண்டுபோனால் பணம்தான் விரயமாகும்.

தென்கிழக்காசியாவில் கேள்வியே தலைகீழாகிறது. அங்கே பல இடங்களில் புழு எலியுடையது, மனிதர் வழிதவறி வந்து மாட்டிக்கொண்டவர். மலேசியாவில் இந்த நோயின் முதல் சான்றை முருகாசு, இலங்கையைச் சேர்ந்த ஒட்டுண்ணியியல் அறிஞர் திசாநாயக்க இருவரும் 1973-ல் வெளியிட்டார்கள். ஒராங் அஸ்லி என்னும் பூர்வகுடியைச் சேர்ந்தவரின் பிணப் பரிசோதனையில், கல்லீரல் திசுவில் புதைந்திருந்த முட்டைகளே அந்தச் சான்று. முட்டை கிடைத்தது, முட்டையிட்ட புழு எங்கே வாழ்கிறது என்று பகாங் காடுகளில் தேடிப் போனவர்கள் கண்டது ஒரு காட்டெலியை. ஓடைகளில் ஒட்டிக் கிடக்கும் ராபர்ட்சியெல்லா என்னும் மிகச் சிறிய நத்தைக்கும் மியூல்லர் எலிக்கும் இடையில் புழு தன்பாட்டில் சுற்றிக்கொண்டிருந்தது. 1988-ல் அதைச் சிஸ்டோசோமா மலாயென்சிஸ் என்று தனி இனமாக விவரித்தார்கள். ஓடையில் இறங்கும் பூர்வகுடிகள் இடையில் அகப்பட்டவர்கள். அவர்கள் அனைவருக்கும் மாத்திரை கொடுத்தாலும் காட்டுக்குள் ஒன்றும் மாறாது.

தைவானின் ஜப்பானிகம் இன்னொரு எல்லை. அது எலிகளிலும் மற்ற விலங்குகளிலும் வளர்கிறது, மனித உடலில் புகுந்தாலும் முதிர்ச்சி அடைவதில்லை. பார்வைக்கு அதே புழு, அதே பெயர். இந்தோனேசியாவின் மத்திய சுலவேசியில் லிண்டு ஏரிக்கரையில் 1937 முதல் அறியப்பட்ட ஜப்பானிகத்தில், பல இனக் காட்டெலிகளும் மனிதரும் சேர்ந்தே பங்காளிகள். தாய்லாந்தின் வடக்கே எலியில் கிடைத்து 2002-ல் பெயர் பெற்ற சிஸ்டோசோமா ஒவுன்கேட்டம் மனிதரிடம் வந்ததாக அறிகுறியே இல்லை.

நம் பக்கத்துக்கும் இதில் ஒரு கிளைக்கதை உண்டு. 1926-ல் கல்கத்தாவில் பணியாற்றிய அமெரிக்க ஒட்டுண்ணியியலாளர் ஆசா சாண்ட்லர், வங்காளத்தின் கிருஷ்ணநகரில் மனித மலத்தில் இதுவரை காணாத சிஸ்டோசோமா முட்டைகள் இருப்பதைக் கண்டு, இது மனிதரின் புதிய புழு என்று அறிவித்தார். புழுவைப் பார்க்காமல் முட்டையை மட்டும் பார்த்து வைத்த பெயர் இன்காக்னிட்டம். 1933-ல் சென்னையில் எம். ஏ. என். ராவும் அய்யரும் பன்றிகளின் உடலில் ஒரு சிஸ்டோசோமாவைக் கண்டு அதைத் தனி இனம் என்று விவரித்தார்கள். பின்னால் இரண்டும் ஒன்றுதான் என்று ஆனது. அதே புழுவை 1960-களில் பாங்காக்கைச் சுற்றிய வயல்களிலும், பிறகு இந்தோனேசியாவிலும் எலிகளில் கண்டார்கள். மனிதரின் புழு என்று பிறந்த ஒன்று பன்றி, நாய், எலிகளின் புழுவாக முடிந்தது. நாற்று நடுபவர்களுக்குச் சேற்றில் இறங்கியதும் காலில் வரும் அரிப்புத் தடிப்புகளில் ஒரு பங்கு, தவறான ஆளின் தோலைத் துளைத்து அங்கேயே சாகும் இத்தகைய விலங்குப் புழுக்களின் செர்கேரியாக்களால் வருவது. மாட்டுக்கு மூக்கடைத்துக் குறட்டை விடவைக்கும் சிஸ்டோசோமா நாசாலேயைச் சென்னையிலிருந்து விவரித்தவரும் அதே ராவ்தான். அந்த ஆண்டுகளில் இங்கே நடந்த வேலைக்கு இன்று கிடைக்கும் பெயர் ரொம்பக் கொஞ்சம்.

ஆப்பிரிக்காவைப் பற்றி நீண்ட காலம் ஒரே வரியில் பேசி முடித்தார்கள்: அங்கே மனிதர்களே ஏராளம், எலி எதற்கு? பெரும்பாலான இடங்களுக்கு அது இன்றைக்கும் சரி. ஏரிக்கரைக் கிராமத்தில் பள்ளிப் பிள்ளைகளில் பாதிப்பேர் நோயாளிகளாக இருக்கும்போது எலியின் பங்களிப்பு கணக்கில் தெரியாது. ஆனால் செனகல் ஆற்றின் கதையைக் கேட்டால் அந்த வரி கொஞ்சம் ஆட்டம் காண்கிறது. 1986-ல் தியாமா அணை வந்து உப்புநீர் ஏறுவது நின்றது, கரும்புக்குப் பாசனம் பெருகியது, நத்தைகள் பெருகின. 1988-ல் ரிஷார்-தோல் நகரில் மான்சோனி தொற்று தலைகாட்டி ஊரையே பிடித்துக்கொண்டது. அங்குள்ள வயலெலிகளைப் பின்னாட்களில் பிடித்துப் பார்த்த ஸ்தெஃபானோ கத்தலானோ குழுவினர் 2018-ல் வெளியிட்ட முடிவுகளில் மான்சோனி புழு இருந்தது, மாட்டுப் புழுவான போவிஸ் இருந்தது. அதோடு, மனிதரின் சிறுநீர்ப்பையைத் தாக்கும் ஹீமட்டோபியமும் இந்த மாட்டுப் புழுவும் கலந்த கலப்பினமும் இருந்தது.

கலப்பினம் என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. ஒரு எலியின் சிரையில் வேறு வேறு இனத்துப் புழுக்கள் சந்தித்தால் ஆண் எந்தப் பெண்ணையும் மடிப்புக்குள் அணைத்துக்கொள்ளும், நெருங்கிய சொந்தமான இனங்கள் என்றால் பிறக்கும் குஞ்சுகளும் பிழைக்கும். கிழக்காப்பிரிக்காவில் மான்சோனிக்கு நெருங்கிய சொந்தமான ரோதைனி என்னும் இனம் கொறிணிகளுக்கென்றே இருக்கிறது. விக்டோரியா ஏரியைச் சுற்றி இரண்டும் கலந்ததற்கு மரபணுச் சான்று உண்டு. ரோதைனியின் செர்கேரியா இரவிலும் விடியலிலும் வருவது, மான்சோனி பகலில் வருவது. கலப்புக்கு வேலியாக நிற்பது இந்த நேர வித்தியாசமும், அவரவர் தங்கி வளரும் விலங்கான ஓம்புயிரியும்தான். இரண்டு புழுவும் வளரக்கூடிய எலி அந்த வேலியில் விழுந்த ஓட்டை. எலி தனியாகப் புழுவைக் காப்பாற்றுகிறதா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தவர்கள், அது புதுப் புழுக்களுக்கு மணமேடையாகலாம் என்பதை யோசிக்க மறந்தார்கள். இன்னொன்றும் உண்டு. மனிதரிடம் தொற்று ஐம்பது விழுக்காடாக இருக்கும்போது அற்பமாகத் தெரியும் எலியின் பங்கு, தொடர்ந்து மாத்திரை கொடுத்து அது ஒரு விழுக்காட்டுக்கு வந்த பிறகு அற்பமாக இருக்காது. ஆப்பிரிக்காவில் எலி ஆராய்ச்சியை இப்போது செய்வதற்கான காரணம் இதுதான், பதினைந்து ஆண்டு கழித்துச் செய்தால் யாருக்கும் பயன்படாது.

சரி, எலிதான் காரணம் என்று உறுதியான இடத்தில் என்ன செய்வது? எலியைக் கொல்வது முதலில் தோன்றும் யோசனை. அதுவே மோசமான யோசனையும்கூட. காட்டில் கருப்பு எலி சராசரியாக ஓராண்டு வாழ்ந்தால் பெரிது. கொன்ற எலிகளின் இடத்தைச் சில மாதங்களில் புழு இல்லாத இளம் எலிகள் நிரப்பும், நத்தைகள் அப்படியே இருப்பதால் அவற்றுக்கும் புழு ஏறும். இரையில் மருந்து கலந்து வைப்பதும் இதே கணக்கில்தான் தோற்கும். சங்கிலியில் மெலிந்த கண்ணி நத்தை. ஜப்பானில் வாய்க்கால்களுக்குச் சிமென்ட் பூசி, நத்தை ஒட்ட இடமில்லாமல் செய்துதான் நோயை ஒழித்தார்கள். 1996-ல் யமனாஷி மாகாணம் நோய் முடிந்ததாக அறிவித்தது. பூனையும் எலியும் அங்கே இன்றும் இருக்கின்றன.

சதுப்புக் காட்டுக்குச் சிமென்ட் பூச முடியாது. கரீபியன் தீவுகளில் வேறொரு வழி கிடைத்தது. நம் குளங்களிலும் வாய்க்கால்களிலும் சேற்றோடு சேறாகக் கிடக்கும் நீள்கூம்பு வடிவச் சிறு நத்தை மெலனாய்டஸ் டியூபர்குலேட்டா. மீன்தொட்டிச் செடிகளோடு பயணம் செய்து உலகம் முழுவதும் பரவிவிட்டது. ஆணில்லாமலே பெண் குஞ்சு ஈனும், ஒரு சதுர மீட்டரில் ஆயிரக்கணக்கில் சேரும். செயின்ட் லூசியாவிலும் மார்ட்டினிக்கிலும் 1970-களின் இறுதியிலும் 1980-களிலும் இதை வேண்டுமென்றே கொண்டுபோய் விட்டார்கள். மார்ட்டினிக்கில் நீர்க்கீரைப் பாத்திகளிலிருந்து பயோம்ஃபலேரியா நத்தை சில ஆண்டுகளுக்குள் விரட்டப்பட்டது. அந்தப் பாத்திகளில் நோயும் அடங்கியது. மருந்து தெளிக்கவில்லை, எலியைத் தொடவில்லை.

இந்த வெற்றியைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர் இந்த இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். அந்த நீள்கூம்பு நத்தையும் சும்மா வருவதில்லை. சென்ட்ரோசெஸ்டஸ் ஃபார்மோசானஸ் என்னும் வேறொரு தட்டைப்புழுவுக்கு அது இடைநிலை ஓம்புயிரி. அந்தப் புழுவின் செர்கேரியா மீனின் செவுளில் புகுந்து கூடு கட்டுகிறது. மெக்சிகோவின் மீன் பண்ணைகளும், அமெரிக்காவின் டெக்ஸாசில் கோமல் ஆற்றில் அழிவின் விளிம்பிலிருக்கும் ஒரு சிறு மீனினமும் இதனால் அடிவாங்கின. வளர்ந்த புழு வாழ்வது அந்த மீனைத் தின்னும் கொக்குகளின் குடலில், சில சமயம் சிறு பாலூட்டிகளின் குடலிலும். எலியும் அதில் அடக்கம். இன்னொரு தீவில் நத்தையைக் கொண்டு நத்தையை விரட்ட முடிவெடுப்பவர்கள் கொண்டுபோகும் நத்தைகளையும் முதலில் கிண்ணத்தில் வைத்து, மணிக்கு ஒரு தடவை தண்ணீர் மாற்றி, என்ன வெளிவருகிறது என்று எண்ணிப் பார்த்தாக வேண்டும்.